பீரோவா, மீன்தொட்டியா

மே 5, திங்கள்

அக்னி நட்சத்திரம் ரெண்டாம் நாள். மாடி ரூம்ல உக்கார முடியல. ஃபேன் போட்டா அனல், போடலன்னா வேர்வை. பதினொரு மணிக்கு கம்ப்யூட்டர் மெஷின் படுத்துடுத்து. தொண்ணூத்தேழு டிகிரி காமிச்சது, அடுத்த நிமிஷம் ஸ்க்ரீன் இருட்டு. கைலாசபுரம் சார் வீட்டுப் படம் முக்கால்வாசி ஆயிருந்தது. மறுபடி முதல்லேருந்து.

ஃபேக்டரிலேருந்து ரிடயர் ஆகி, திருவெறும்பூர் பக்கம் வீடு கட்டறார் மனுஷன். வீட்டோட முகம் எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு காமிக்கறது என் வேலை. எலிவேஷன்னு பேரு. கல்யாணப் பொண்ணுக்குப் புடவை மாத்தற மாதிரி கலர் மாத்திண்டே இருக்கார். ஒவ்வொரு தடவையும் மெஷின் கொதிக்கறது. நானும்.

தண்ணி கூலிங் போட்டே தீரணும். சாமான் எல்லாம் போன மாசமே, கம்ப்யூட்டர் சாமான் விக்கற பாய் கடைலேருந்து வந்தாச்சு. பம்ப், டியூப், ரேடியேட்டர் ரெண்டு (கார்ல இருக்குமே, அதோட தம்பி. தண்ணி அதுக்குள்ள சுத்தி வந்து ஆறும்). வாங்கினப்புறம்தான் பாத்தேன், இருக்கிற கேபினெட்ல, அதான் கம்ப்யூட்டரோட வெளிப் பொட்டில, ஒண்ணுகூட நுழையாது. ப்ளவுஸ தச்சுட்டுப் புடவை தேடற கதை. முரளிகிட்ட சொன்னேன். போன்லயே விழுந்து விழுந்து சிரிச்சான். கட்டின பொண்டாட்டி கஷ்டம்னா அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சொன்னான்: "அங்க ஆர்டர் பண்ணாதே. பார்சல்ல கண்ணாடி உடைஞ்சு வரும். நான் வரச்சே சிங்கப்பூர்லேருந்து எடுத்துண்டு வரேன். எதுன்னு மட்டும் நீ முடிவு பண்ணு."

வரது 18ஆம் தேதி. லீவுக்கா, ஒரேயடியாவான்னு சொல்லல. பொங்கலப்போ சொன்னான், "மே மாசத்தோட காண்ட்ராக்ட் முடியறது, போதும், வந்துடறேன்"னு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. நானும் கேக்கல. ஆறு வருஷம் ஆச்சு அவன் போய். கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றது?

பாக்கவேண்டியது மூணு. கம்பெனி வச்ச பேரு வாய்ல நுழையல, நானே வச்சது:
பீரோ — ஆள் இடுப்பு உசரம். ரெண்டு ரேடியேட்டரும் தாராளமா போகும். கறுப்பு. அழகு கிடையாது.
மீன்தொட்டி — முன்னாடியும் பக்கத்துலயும் கண்ணாடி. ரொம்ப அழகு. காத்து வருமா?
டிபன் பாக்ஸ் — சின்னது. தூக்கிண்டு எங்க வேணா போகலாம். எங்க போகப்போறேன்.

உளுந்து தீர்ந்துடுத்து. மாமியார் முட்டித் தைலம்.

மே 6, செவ்வாய்

கரண்ட் போய்ப் போய் வந்தது. வேலை நடக்கல.

மாமியார் முட்டிய பிடிச்சுண்டு மாடி ஏறி வந்தா. விஷயம் காதுல விழுந்துடுத்து போல.

"ஏன்டீ பத்மா, கம்ப்யூட்டருக்குள்ள ஜலம் விடப்போறியாமே?"

"ஆமாம்மா. சூடு தணியறதுக்கு."

"ஜலம்னா ஈசான்ய மூலைலதான் வைக்கணும். நம்மாத்து போர் எங்க இருக்கு? ஈசான்யத்துல. கீழ தொட்டி?"

"அம்மா, அது ரெண்டு பாட்டில் தண்ணி."

"ரெண்டு பாட்டில்னா அது ஜலம் இல்லையா?"

சரிம்மான்னு சொன்னேன்.

மத்யானம் கை. சார் (கைலாசபுரம்) போன். தூண் கலர் மாத்தணுமாம். வாய் சும்மா இருக்காம இந்தக் கதைய சொன்னேன். அவர் பதறிட்டார். "மேடம், அது கரண்ட் ஐட்டம். அக்னி மூலைலதான் இருக்கணும், தென்கிழக்கு. யார் சொன்னாலும் மாத்திடாதீங்க."

"உள்ள தண்ணி ஓடும் சார்."

லைன் கட் ஆயிடுத்தோன்னு பாத்தேன். அப்புறம் மெதுவா சொன்னார், "எங்க வாஸ்துக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." நெருப்பா தண்ணியான்னு அவரும் தலைய பிச்சுக்கட்டும்.

தென்கிழக்குல ஜன்னல். காலைலேருந்து வெயில் அங்கதான் விழறது. சூடு தணிக்கற மெஷின வாங்கி வெயில்ல வைக்கவா? ஆக ஈசான்யம்தான், வடகிழக்கு. மாமியார் ஜெயிச்சா.

ஆனா ஈசான்யத்துல இருக்கறது முரளி மேஜை. காலேஜ் புஸ்தகம், டார்ச்சு, ஒத்தை ஹெட்போன், ஸ்க்ரூ போட்டு வச்ச ஹார்லிக்ஸ் பாட்டில். போகும்போது சொன்னது, "யாரும் தொடாதீங்கோ, வந்து பாத்துக்கறேன்." தூசி மட்டும் தட்டறேன். நடுவுல நாலஞ்சு தடவ லீவுல வந்தான். ஒரு தடவயும் பாத்துக்கல.

மே 8, வியாழன்

காவேரில தண்ணி இல்ல, மணல்தான். காத்தும் மணலாவே வரது. தலை பின்னவே எரிச்சலா இருந்தது.

மு. சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டான். அவன் வேலையே இதுதான் அங்க. பெரிய பெரிய சர்வர் கட்டடத்துக்குக் குளிர் தண்ணி போற குழாய பாத்துக்கறது. அதனால கேபினெட்ன்னா வாய் மூடமாட்டான்.

இன்னிக்குச் சண்டை: முன்பக்கம் வலையா, கண்ணாடியா.

"காத்து வர வழியே இல்லாம கண்ணாடிய போட்டு அடைச்சுட்டு, உள்ள ரேடியேட்டர் மாட்டி என்ன பிரயோஜனம்? போர்வைய போத்திண்டு விசிறிக்கற மாதிரி."

"வலைன்னா ஸ்ரீரங்கத்துப் புழுதி பூரா உள்ள போகும். உன் ஊர் மாதிரி இல்ல இது."

"என் ஊரா?"

"ஆமாம். உன் ஊர்தானே அது இப்போ."

அவன் ஏதோ குடிக்கற சத்தம் கேட்டது. அப்புறம் தூசி ஃபில்டர் பத்தி ஆரம்பிச்சான். கழட்டி அலம்பலாம், காந்தம் வச்சிருக்கும், அப்படி இப்படின்னு. நானும் கேட்டுண்டேன்.

போன வச்சப்புறம் யோசிச்சேன். முன்னெல்லாம் என்ன பேசுவோம்? சாப்டியா. அம்மா மாத்திரை போட்டுண்டாளா. அங்க மழையா. சரி வச்சுடறேன். இந்த கேபினெட் பேச்சு வந்ததுக்கப்புறம்தான் ஒரு மணி நேரம் பேசறோம். சண்டை போடறோம். நேத்து அவன் வரைஞ்சு அனுப்பின படம் எட்டு. எதுன்னு முடிவு பண்ணிட்டா இது எல்லாம் நின்னுடும். அதுக்குத்தான் இழுத்தடிக்கறேனோ? இருக்கும். எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா அதான் நிஜம்.

மே 9, வெள்ளி

பண்ண வேண்டிய வேலைய விட்டுட்டு, எங்க ரூமையே கம்ப்யூட்டர்ல கட்டினேன். சுவர், ஜன்னல், கட்டில், கொடி, மு. மேஜை எல்லாம். அப்புறம் மூணு கேபினெட்டையும் அளவு பாத்து வரைஞ்சு, ஒவ்வொண்ணா மூலைல வச்சுப் பாத்தேன். ஊரான் வீட்டுக்கெல்லாம் பண்றேன், என் ரூமுக்குப் பண்ணக்கூடாதா.

டிபன் பாக்ஸ்: ரெண்டாவது ரேடியேட்டர் வெளில நிக்கும். லிஸ்ட்லேருந்து அடிச்சாச்சு.

பீரோ: மேஜை மேல ஏறி நிக்கறது. மேஜைய தனியா ஒரு லேயர்ல வரைஞ்சிருந்தேன். பேருக்குப் பக்கத்துல கண் மாதிரி ஒரு படம் இருக்கும், அத தட்டினா அந்த சாமான் மறைஞ்சுடும். தட்டினேன். மேஜை போயிடுத்து. பீரோ கச்சிதமா உக்காந்தது. ரூமே பெரிசா, வெளிச்சமா, நன்னா இருந்தது. அவ்வளவு நன்னா இருந்தது எனக்குப் பிடிக்கல. திரும்ப தட்டி மேஜைய கொண்டுவந்துட்டேன்.

சாயங்காலம் பை நிறைய ரேடியேட்டர தூக்கிண்டு ஒண்ணாம் நம்பர் பஸ். மெயின்கார்டு கேட் பக்கத்துல பாய் கடை. பஸ்ல முன் சீட்ல ரெண்டு பொம்மனாட்டிகள்:

"அவர் துபாய்லேருந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சு. டிவி ரிமோட் அவர் கையிலதான்."

"திரும்பப் போகட்டும்னு இருக்கா?"

"சேச்சே. ரிமோட் மட்டும் குடுத்தாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வயித்தெரிச்சலும்.

பாய் கடைல மீன்தொட்டி ஒண்ணு, உள்ள எல்லாம் மாட்டி, ஷோவுக்கு வச்சிருந்தார். "வாங்கம்மா, ஏசி முன்னாடி உக்காருங்க, முகமெல்லாம் செவந்து கெடக்கு." அவரே மூடிய கழட்டிக் குடுத்தார். ரேடியேட்டர மேல்தட்டுல வச்சுப் பாத்தேன். அழகா போய் உக்காந்தது. ஆஹா, வலையாவது கண்ணாடியாவது, மு. மூஞ்சில கரிய பூசிட்டோம்னு நினைச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ரேடியேட்டருக்கு அடில ஃபேன் மாட்டணும். ஃபேன வச்சேன், கீழ இருக்கிற மெமரி ஸ்டிக் மேல இடிக்கறது. ஒரு விரல்கடை. இவ்வளவு நாளா ரேடியேட்டர் தடிமன மட்டும் போட்டு வரைஞ்சிண்டு இருந்திருக்கேன்.

பாய் சிரிக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டார். "பரவால்லம்மா. நானும் பண்ணிருக்கேன்."

"எத்தன தடவ?"

"அத விடுங்கம்மா. டீ சொல்லவா?"

மீன்தொட்டி போச்சு. கிளம்பும்போது கேட்டார், "சார் எப்ப வர்றாங்க? இனிமே இங்கதானாமே, பெரியம்மா சொன்னாங்க, போன வாரம் சார்ஜர் வாங்க வந்தப்ப." மாமியார் ஊர் பூரா சொல்லியாச்சு போல. வருவார்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

மே 11, ஞாயிறு

முடிவு பண்ணியாச்சு. பீரோ. காலைல மு.கிட்ட சொன்னேன். அவனுக்கு ஒரே குஷி, அவன்தான் முதல்லேருந்து பீரோ கட்சி.

"நாளைக்கே போய் பாக்கறேன். அட்டைப்பொட்டியோட இருபது கிலோ வரும். லக்கேஜ்லயே போட்டுடலாம்."

"அவ்வளவு கனத்த எப்படிடா தூக்கிண்டு வருவ?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இடம் நிறைய இருக்கு."

எனக்கும் சந்தோஷம். வெங்காய சாம்பார் வச்சேன், ஞாயித்துக்கிழமைதானே. மாமியார்கூட ரெண்டு தடவ போட்டுண்டா.

நாலு மணிக்கு வடாம் எடுக்க மொட்டைமாடி போனேன். தரை கொதிக்கறது, செருப்பு இல்லாம ஓடி ஓடி எடுத்தேன். பாதி எடுக்கும்போது அந்த வார்த்தை திரும்ப வந்தது. இடம் நிறைய இருக்கு.

அவன் டிக்கெட்ல முப்பது கிலோ. பீரோ இருபது. மிச்சம் பத்து. ஆறு வருஷம் ஒரு ஊர்ல இருந்தவன் பத்து கிலோவோடயா ஒரேயடியா வருவான்? ரைஸ் குக்கர் மட்டும் மூணு கிலோ. நான் குடுத்துவிட்ட இரும்பு தோசைக்கல். கம்பளி. ஷூவே நாலு ஜோடி, வீடியோல பாத்திருக்கேன். தோசைக்கல் எங்க, ஷூ எங்க, கம்பளி எங்க? எல்லாம் அங்கயே இருக்கப் போறது. லீவுக்கு வரவனுக்குத்தான் இடம் நிறைய இருக்கும்.

கால் சுட்டதே தெரியல. வடாம பாதி விட்டுட்டு வந்துட்டேன். மாமியார் கேட்டதுக்கு, காயலன்னு சொன்னேன்.

மே 13, செவ்வாய்

நேத்து பூரா பொறுத்தேன். ஒண்ணும் ஓடல. கை. சார் வீட்டுக்கு மாடி கைப்பிடி போட மறந்து அனுப்பிட்டேன். "மேடம், பசங்க விழுந்துடுவாங்க"ன்னு பதில் போட்டிருக்கார், பாவம்.

இன்னிக்குக் கேட்டுட்டேன். அவன் ரேடியேட்டர் ஸ்க்ரூ பத்தி ஏதோ சொல்லிண்டு இருந்தான். நடுவுல கேட்டேன்.

"முரளி, நீ லீவுக்கு வரியா, வந்துடறியா?"

அப்புறம் சொன்னான், இன்னும் ரெண்டு வருஷத்துக்கு லெட்டர் குடுத்திருக்காளாம். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடணுமாம். வந்து மூணு வாரம் ஆச்சாம் அந்த லெட்டர்.

"மூணு வாரமா என்கிட்ட ஃபில்டர் பத்தி பேசிண்டு இருந்தே."

"நீயும் பேசினியே."

அது உண்மைதான். அதனாலதான் இன்னும் கோவம் வந்தது.

"அங்க வந்து நான் என்ன பண்றது பத்மா? திருச்சில எனக்கு எவன் வேலை குடுப்பான்? உன் எலிவேஷனுக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா?" விளையாட்டாத்தான் ஆரம்பிச்சான். முடியும்போது விளையாட்டு இல்ல. "உனக்கு வேலை இருக்கு, பேரு இருக்கு. நான் வந்து உன் ரூம்ல ஒரு மூலைல உக்காந்திருப்பேன்."

"வேண்டாம்னு யார் சொன்னா?"

"வான்னும் நீ சொல்லலியே."

சொல்லியிருக்கலாம். வாய்க்குள்ள இருந்தது. வரல. மூணு வாரம் மறைச்சான்னு ஒரு திமிர். "நான் என்ன சொல்றது, உன் இஷ்டம். கையெழுத்து போடு. பீரோவ மறக்காம எடுத்துண்டு வா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

சனியன் பிடிச்ச வாய்.

மே 14, புதன்

அவன்கிட்டேருந்து ஒண்ணும் இல்ல. குட்மார்னிங்கூட இல்ல. போன கவுத்து வச்சேன், நிமிர்த்தி வச்சேன். குளிக்கப் போகும்போதும் எடுத்துண்டு போனேன்.

மாமியார் கோயிலுக்குப் போயிட்டு வந்தவ, நேரா மாடிக்கு வந்து, என் அலமாரிய திறந்து நடுத்தட்ட காலி பண்ண ஆரம்பிச்சா. என் புடவையெல்லாம் கட்டில்ல.

"என்னம்மா பண்றேள்?"

"அவன் சட்டை வைக்கத் தட்டு வேண்டாமா? லீவுக்கு வரச்சே பெட்டியிலேருந்தே எடுத்துப் போட்டுண்டான், சரி. இனிமே அப்படியா?"

அவகிட்ட என்ன சொல்றது. வெள்ளிக்கிழமை உங்க பிள்ளை ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போடறான், நான்தான் போடச் சொன்னேன்னா? "இருக்கட்டும்மா, அப்புறம் பண்ணிக்கலாம்"னு சொன்னேன். குரல் ஒரு மாதிரி வந்திருக்கணும். திரும்பிப் பாத்தா.

"ரெண்டு பேரும் சண்டையா?"

"இல்லம்மா. கேபினெட் விஷயமா."

"அந்த ஜலப் பொட்டி நினைப்பு வந்தாலும் வந்தது, உங்க ரெண்டு பேருக்கும் அதே பேச்சு." சொல்லிட்டு தட்டுல பேப்பர் விரிச்சா. மூலையெல்லாம் மடிச்சு, கையால நீவி நீவி. பாக்க முடியல. கீழ போய் தேவையில்லாம குடத்தைத் தேச்சேன்.

சாயங்காலம் பக்கத்தாத்து மாமிகிட்ட அவ சொல்றது ஜன்னல் வழியா கேட்டது. "ஆமாம், வந்துடறான். இனிமே என்ன, இங்கயேதான்." எனக்குக் காத பொத்திக்கணும் போல இருந்தது.

மே 16, வெள்ளி

வேலைய முடிச்சாச்சு எப்படியோ. மெஷின் மூடிய கழட்டி வச்சு, பக்கத்துல டேபிள் ஃபேன போட்டு, ஃபேனுக்கு முன்னாடி ஈரத்துணி கட்டி. இதுவும் தண்ணி கூலிங்தான். கை. சாருக்குப் பிடிச்சுடுத்து. வாஸ்துக்காரர் பதில் சொல்லிட்டாராம்: தண்ணி ஓடற கம்ப்யூட்டர்னு ஒண்ணு வாங்கவே வேண்டாமாம்.

இன்னிக்குத்தான் கையெழுத்து நாள். காலைலேருந்து டைப் பண்றதும் அழிக்கறதும். முதல்ல திட்டி எழுதினேன். அப்புறம் நியாயம் எழுதினேன், அம்மாக்கு வயசாறது, அது இதுன்னு. அம்மா மேல பழிய போட்டு நான் ஒளிஞ்சுக்கறது எனக்கே தெரிஞ்சது. எல்லாத்தையும் அழிச்சேன்.

கடைசில அனுப்பினது: "முரளி, இது கேபினெட் பத்தி இல்ல. எனக்கு நீ வேணும். வேலை இல்லன்னாலும் பரவால்ல. மூலைல உக்காந்துண்டு எல்லாத்துக்கும் நொட்டை சொல்லு. வந்துடு."

ரெண்டு டிக். நீலம் ஆச்சு. பதில் எழுதறான்னு காமிச்சது. நின்னுது. திரும்ப எழுதறான். நின்னுது. அவ்வளவுதான். கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல இப்படி ஒரு வாக்கியம் நான் எழுதினதில்ல. உடம்பெல்லாம் கூசித்து.

விளக்கேத்தற நேரத்துக்கு டிங்னு ஒண்ணு வந்தது. போட்டோ. கறுப்பு எழுத்து போட்ட பெரிய அட்டைப்பொட்டி, அவன் கட்டில் பக்கத்துல. கீழ ஒரே வார்த்தை: "வாங்கிட்டேன்."

பீரோ. இருபது கிலோ.

சரி. புரிஞ்சுடுத்து.

மே 17, சனி

தலைவலி. சாதம் குழைஞ்சுடுத்து. மாமியார்கிட்ட சொல்லணும், இன்னிக்குச் சொல்ல முடியல. அவ அரை லிட்டர் பால் அதிகமா சொல்லி வச்சிருக்கா.

ஊருக்குப் போக டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கலாம். போற ஊர் எதுன்னுதான் தெரியல.

மே 18, ஞாயிறு

மேகம் போட்டிருக்கு, காத்து இல்ல. புழுக்கம். மாமியார் திருக்கண்ணமுதுக்கு, பாயசத்துக்குத்தான், முந்திரி உடைச்சுண்டு இருந்தா. நான் கொத்தமல்லி ஆய்ஞ்சுண்டு. மு. போன். எடுக்கலாமா வேண்டாமான்னு பாத்தேன். மாமியார் பாக்கறாளேன்னு எடுத்தேன்.

பின்னாடி ஒரே இரைச்சல். ஏர்போர்ட்.

"பத்மா, சீக்கிரம் சொல்லு. வெயிட் ஜாஸ்தி ஆயிடுத்து. ஏதாவது ஒண்ண எடுக்கணும்ங்கறா."

"எவ்வளவு ஜாஸ்தி?"

"பத்தொன்பது கிலோ."

"பத்தொன்பதா? பீரோவே இருபதுதானே. அப்படி என்னடா எடுத்துண்டு வர?"

"எல்லாம்தான். ரைஸ் குக்கர், தோசைக்கல், கம்பளி, ஷூ. பழைய பேண்ட்டெல்லாம் போட்டேன். ஃபேன் ஒண்ணு இருந்தது, அத ரூம்மேட்டுக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு எல்லாத்தையும்?"

"ரூம காலி பண்ணியாச்சுடி. அங்க எங்க வைக்கறது?"

நான் கைல இருந்த கொத்தமல்லிய கீழ வச்சேன். "கையெழுத்து?"

"போடல."

"அப்ப எதுக்கு அந்த கேபினெட்ட வாங்கினே?"

"நீதானே பீரோவ மறக்காம எடுத்துண்டு வான்னே." அப்புறம் சொன்னான்: "நீ எழுதினதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. நாலு தடவ எழுதிப் பாத்தேன். அப்புறம் போய் அத வாங்கிட்டேன்."

மனுஷனா இவன். ரெண்டு நாள் என்னைச் சாகடிச்சுட்டு.

பின்னாடி ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல ஏதோ சொல்றா. அவன்: "லைன் பெரிசா இருக்கு, சீக்கிரம் சொல்லு. தோசைக்கல்லு, கம்பளி, ஷூ எல்லாத்தையும் தூக்கிப் போட்டா உன் பீரோ வந்துடும். இல்லன்னா பீரோவ விடணும். ரூம்மேட் இங்கதான் நிக்கறான், எத வேணா எடுத்துப்பான்."

"பீரோவ விடுடா."

"நிஜமாவா? ரெண்டு வாரம் உக்காந்து பாத்தியே."

"விடுன்னா விடு. ஒரு ஷூ குறைஞ்சாலும் ஆத்துக்குள்ள விடமாட்டேன்."

போன வச்சேன். மாமியார் முந்திரிய கைல வச்சுண்டு, "எத விடச் சொன்னே? என்னடீ ஆச்சு?"ன்னா. அழ ஆரம்பிச்சுட்டேன். பயந்துட்டா, பாவம். அப்புறம் சொன்னேன், மூணு வாரக் கதையையும். என் கன்னத்துல ஒண்ணு போட்டா, லேசாத்தான். "என்கிட்ட சொல்லக்கூடாதா"ன்னு அவளும் அழுதா. திருக்கண்ணமுது அடி பிடிச்சுடுத்து.

ஃபிளைட் கிளம்பியாச்சுன்னு மெசேஜ் வந்துடுத்து. மத்யானம் ஏர்போர்ட் போகணும். தெருமுனை ஸ்டாண்டுல சொல்லி வைக்கணும், ஒரு ஆட்டோ பத்தாது, ரெண்டு.